எங்கள் கைநாட்டு செல்லாது

"கையெழுத்துப் போட்டான்ல? அப்பறம் என்ன?"

சேரிக்காரன் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர்த்தெருவிலிருந்து வருகிற முதல் கேள்வி இதுதான். வக்கீல் கேட்கிறார். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா கேட்கிறார். டீக்கடையில் பேப்பர் படிக்கிற பெரிய மனுஷர் கேட்கிறார். முற்போக்கு பேசுகிற நண்பர்கூட, "வாங்குனவனும் காசு குடுத்துத்தானே தோழர் வாங்குனான்" என்று இழுக்கிறார். நம்மாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறான். தாத்தா கைநாட்டு வைத்ததற்குப் பேரன் வெட்கப்படுகிறான்.

வெட்கப்பட வேண்டியவன் அவனில்லை. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அவர்கள் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுகிற அதே சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஒப்பந்தம், சொத்து, தீங்கு என்று சட்டக் கல்லூரியில் மூன்று பாடம் நடத்துகிறார்கள். இந்த மூன்று பாடத்தின் அரிச்சுவடிச் சொற்கள் ஒரு இருபது இருக்கும். அந்த இருபது சொல்லும் சேரிக்குள் வராமல் பார்த்துக்கொண்டதில்தான் பாதி நிலம் போனது.

முதலில் சம்மதம்.

1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சம்மதம் என்பதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால் அது சம்மதம். அது போதாது, சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது 14 ஆம் பிரிவு. மிரட்டல், தகாச் செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, தவறான புரிதல் எதுவும் கலந்திருக்கக் கூடாது. இதில் 'தகாச் செல்வாக்கு' என்கிற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒருவன் இன்னொருவனுடைய விருப்பத்தையே அடக்கி ஆள்கிற இடத்தில் இருந்து, அந்த இடத்தை வைத்து அநியாயமான ஆதாயம் அடைந்தால் அதற்குத்தான் அந்தப் பெயர். 16 ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: 'அ' என்பவன் தன் ஊர் வட்டிக்கடைக்காரனான 'ஆ'வுக்கு ஏற்கெனவே கடன்பட்டவன். மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனையில் புதிதாக இன்னொரு கடன் வாங்குகிறான். அப்படியானால் தகாச் செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் 'ஆ'தான்.

வெள்ளைக்காரன் எழுதிவைத்த உதாரணம். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் சாதி போடவில்லை, அவ்வளவுதான். நாம் போட்டுக்கொள்வோம். 'அ' இருக்கிற தெரு எது, 'ஆ' இருக்கிற தெரு எது என்று தென்னார்க்காட்டில் பிறந்த குழந்தைக்குத் தெரியும்.

வங்கியில் கடன் பிரிவில் பத்திரக்கட்டு புரட்டிப் பிழைக்கிறவன் நான். பழைய கிரயப் பத்திரங்களின் நடையை வாசித்தால் நமக்கே மயக்கம் வரும். "என் மனப்பூர்வ சம்மதத்தின் பேரில், யாருடைய தூண்டுதலுமின்றி, மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால் இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." கீழே ஒரு மைக்கறை. பெருவிரல் ரேகை. எழுதப் படிக்கத் தெரியாதவன் பௌத்திரம் பேசுகிறான்! ஆண்டை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று "சாமி" என்று கூப்பிட்டவன், பத்திரத்தில் மட்டும் 'யாருடைய தூண்டுதலுமின்றி' ஆகிவிடுகிறான். 'ரொக்கமாக' என்று இருக்கிற இடத்தில் இருந்தது பெரும்பாலும் பழைய கடன். கலியாணத்துக்கு வாங்கிய நெல்லு, சாவுக்கு வாங்கிய துணி, அதற்கு வட்டி, வட்டிக்கு வட்டி. மறுபயன் என்கிறது சட்டம். கொடுப்பதற்குப் பதிலாக வாங்குவது. பழைய பத்திரத்தில் பிரதிப்பிரயோஜனம் என்று எழுதுவார்கள். நம்மாள் வாங்கிய பிரதிப்பிரயோஜனம் என்ன? அடுத்த வருஷமும் அதே பண்ணையில் வேலை.

நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதி பாடி ஊரெல்லாம் காலட்சேபம் செய்த கதை. பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியரை பாரதி கொண்டுவந்து நிறுத்துகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட பண்ணையாளிடம் அந்த ஆண்டை, நாற்பது வேலி நிலத்தின் வெள்ளாமையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஒரே ராத்திரியில்! சனங்கள் இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சட்டக்கண்ணோடு பார்த்தால் இது ஒரு ஒப்பந்தம். முன்மொழிவு இருக்கிறது, ஏற்பு இருக்கிறது. ஆனால் செய்ய முடியாத காரியத்தைச் செய்வதாகப் போட்ட ஒப்பந்தம் பிறக்கும்போதே செத்தது என்கிறது 56 ஆம் பிரிவு. மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டால் செல்லாது என்பது அங்கே சட்டம் தருகிற உதாரணம். நந்தனுக்கு மந்திரம்போல் சிவன் வந்து பயிர் விளைவித்துக் கொடுத்தார் என்று கதையை முடித்துவிட்டார்கள். அப்படி முடித்துவைத்துக் கடைசியில் அவனுக்குக் கிடைத்த பிரதிப்பிரயோஜனம் தில்லையில் நெருப்பு.

சம்மதத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒருமுறை நேர்மையாகப் பேசியது. 1982 இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டட வேலைத் தொழிலாளர் வழக்கில். பசியாலும் வறுமையாலும் வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்தால், அதுவும் அரசியல் சட்டத்தின் 23 ஆம் கூறு தடை செய்த கட்டாய உழைப்புதான் என்றது. பசியும் ஒரு கட்டாயம்! இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் வட்டாரத்தைப் பாருங்கள். கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே கரும்புதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆலை ஓடுகிற ஊர். கரும்பு போட்டவனுக்கும் ஆலைக்கும் நடுவே பதிவு உண்டு. 1966 ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. (அதைக்கூட விவசாயிகள் பல ஆலைகளிடம் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.) சோகையில் கை கிழித்துக்கொண்டு வெட்டுகிறவனுக்கு எத்தனை நாளில் கூலி, தவறினால் எத்தனை சதவீதம் வட்டி? அந்த ஆணையில் அவன் இல்லை. அவனுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே இருப்பது முன்பணம் ஒன்றுதான். அது கடன் என்று மேஸ்திரி சொன்னால் கடன். ஆனால் 1976 ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சுமையைத் திருப்பிப் போடுகிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன். எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி சொத்துக்கு வருவோம். நமக்கு வயிற்றெரிச்சல் உள்ள இடம் இதுதான்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010 ஆம் எண் அரசாணையும் நம் மேடைகளில் எல்லோரும் சொல்வதுதான். 12 இலட்சம் ஏக்கர் என்கிற எண்ணையும் சொல்கிறோம். கைதட்டல் வாங்குகிறோம். ஆனால் அந்த நிலம் எப்படிப்பட்ட சொத்து என்று எத்தனை பேச்சாளர் விளக்கியிருக்கிறோம்? பட்டா இருந்தது, ஆனால் நிபந்தனைப் பட்டா. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கினவனுக்குச் சல்லிக்காசு நட்டஈடு கிடையாது. அதாவது நம்ம தாத்தா கையில் இருந்தது முழு உரிமை இல்லை. விற்கிற உரிமை அவரிடம் இல்லவே இல்லை. தன்னிடம் இல்லாததை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது என்பது ரோமாபுரிக் காலத்திலிருந்து சொத்துச் சட்டத்தின் அடிக்கல். தாத்தா ஒரு கைநாட்டு இல்லை, ஆயிரம் கைநாட்டு வைத்திருந்தாலும் அந்த நிலம் ஊர்த்தெருவுக்குப் போயிருக்காது. போனது காகிதம். நிலத்தை எடுத்துக்கொண்டது தடி.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 1882 ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 10 ஆம் பிரிவை நீட்டுவார். சொத்தைக் கொடுத்துவிட்டு 'விற்கவே கூடாது' என்று முழுத் தடை போட்டால் அந்தத் தடை செல்லாது என்கிற பிரிவு அது. ஆஹா, சேரிக்காரனின் விற்கும் சுதந்திரத்துக்கு என்ன ஒரு அக்கறை! அரசு கொடுத்த நிலத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அரசு போட்ட நிபந்தனை போட்டபடியே செல்லும் என்று 1895 ஆம் ஆண்டு அரசு வழங்கல்கள் சட்டம் அன்றைக்கே சொல்லிவிட்டது. அதைவிட வேடிக்கை ஒன்று. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம், பார்சி அல்லாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. 2005 இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தமாம். பார்சிக்காரர் சங்கத்தின் நிபந்தனை செல்லுமாம், பறையருக்கு அரசு போட்ட நிபந்தனை செல்லாதாம்!

அடுத்து இரண்டு சொற்கள். இதை நிதானமாகப் படியுங்கள், வழக்கு முழுக்க இதில்தான் தொங்குகிறது. 'செல்லாதது' ஒன்று, 'தவிர்த்தகுவது' இன்னொன்று. செல்லாதது என்றால் பிறக்கவே இல்லாத பத்திரம். அதை ரத்து செய்யக்கூட வேண்டியதில்லை. தவிர்த்தகுவது என்றால் பாதிக்கப்பட்டவன் எழுந்து வேண்டாம் என்று சொல்லும்வரை உயிரோடிருக்கும். தகாச் செல்வாக்கில் எழுதிய பத்திரம் இந்த இரண்டாவது வகை. அதை ரத்து செய்யக் காலவரம்புச் சட்டம் தருவது விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்குள் படியாள் ஆண்டையின் மேல் சிவில் கேஸ் போட்டிருக்க வேண்டுமாம்! முன்னால் சொன்ன 16 ஆம் பிரிவின் அழகு இதில் பாதி செத்துப்போகிறது. அதனால்தான் பஞ்சமி நிலத்துக்கு 'ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க' என்கிற வாதத்தை மட்டும் பிடித்துத் தொங்கக் கூடாது என்கிறேன். ஏமாற்றினானோ இல்லையோ, விற்க முடியாத நிலத்தை வாங்கினான். அதைச் சொல்லுங்கள் முதலில்.

நீதிமன்றங்கள் இதில் எல்லா நாளும் நம் பக்கம் நின்றதில்லை. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் உண்டு. ஆனால் 1984 இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனையை மீறியதால் மட்டும் விற்பனை தானாகச் செத்துவிடாது, அது தவிர்த்தகுவது என்றது. அப்படிச் சொல்லியும் நிலம் மீட்கப்படலாம் என்று ஏன் தீர்ப்பளித்தது? கர்நாடகம் 1978 இல் தனிச் சட்டம் போட்டு, அத்தகைய விற்பனை எல்லாம் செல்லாது என்று எழுதிவைத்திருந்தது. ஆந்திரம் அதற்கு முந்தின வருஷமே தன் சட்டத்தைப் போட்டது. சமூக நீதியின் தொட்டில் என்று மார்தட்டிக்கொள்கிற தமிழ்நாடு அந்த வருஷங்களில் அப்படி ஒரு சட்டத்தை இயற்றவில்லை. நமக்கு இருந்தது அரசாணையும் வருவாய் நிலையாணையும். கர்நாடகத்திலும் கதை முடியவில்லை. 2017 இல் உச்ச நீதிமன்றம் மீட்பு மனுவை நியாயமான காலத்துக்குள் போட வேண்டும் என்றது. 2023 இல் அந்த மாநிலச் சட்டமன்றம் கூடி, இதற்குக் காலவரம்பே கிடையாது என்று திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டுக் கேட்டு சேரிக்குள் வருகிறவர்களிடம் நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. குடமும் வேட்டியும் கொடுத்து வாயை அடைக்க முடியாத கேள்வி.

எதிரிடை அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. உரிமைக்காரன் கண்முன்னே, அவன் உரிமையை மறுத்து, தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்தால் அனுபவித்தவனுக்கே சொத்து. அரசு நிலமானால் 30 வருஷம். திருடினவன் முப்பது வருஷம் பிடிபடாமல் இருந்தால் திருட்டு உரிமையாகிவிடும் என்று பாமர மொழியில் சொல்லலாம். ஆனால் நாம் குடியிருக்கிற புறம்போக்கில் நூறு வருஷம் இருந்தாலும் நமக்குப் பெயர் ஆக்கிரமிப்பாளர். புல்டோசர் வரும்போது எதிரிடை அனுபவம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

நிலத்தைக் கேட்டதற்குச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று என்ன கிடைத்தது என்று தெரியும். காரணைப் பஞ்சமி நிலத்துக்காகக் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். துப்பாக்கி எந்தப் பிரிவில் வருகிறது?

ஆத்திரம் இருக்கட்டும், வேலையும் நடக்கட்டும். இப்போதைய கணினிச் சிட்டாவைப் பார்த்து நம்பாதீர்கள். 1980 களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தின 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் டி.சி. என்றோ நிபந்தனை என்றோ இருக்கிறதா பாருங்கள். 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் மனு. நகல் கையில் இல்லாமல் வெறும் வாயால் பேசினால் தாசில்தார் சிரிப்பார்.

மூன்றாவது பாடம் தீங்கு. ஒப்பந்தத்துக்குச் சட்டப் புத்தகம் இருக்கிறது, சொத்துக்குப் புத்தகம் இருக்கிறது. ஒருவன் இன்னொருவனுக்குச் செய்கிற தீங்குக்கு நட்டஈடு தர வேண்டும் என்கிற பாடத்துக்கு மட்டும் இந்த நாட்டில் தொகுத்து இயற்றிய தனிச் சட்டம் இல்லை. எல்லாம் பழைய தீர்ப்புகள், அதிலும் பாதி லண்டன் தீர்ப்புகள். எது தீங்கு என்று நீதிபதி நினைக்கிறாரோ அது தீங்கு. யார் நினைப்பில் எது தீங்காக இருந்தது? 1897 இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். அவர்கள் தலித் அல்ல, ஆனால் அன்றைக்கு அவர்களுக்கும் கோயில் இல்லை. ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். கோயிலுக்குள் வரத் தடையும், தீட்டுக் கழிக்கிற சடங்குக்குச் செலவும் கேட்டார். இரண்டும் கிடைத்தன. 1908 இல் பிரிவி கவுன்சில் வரை போயும் நாடார்கள் தோற்றார்கள். தீட்டுக்கு இழப்பீடு! மனுஷன் உள்ளே வந்ததே தீங்கு, வந்தவனே பணம் கட்ட வேண்டும். தீண்டாதே என்று துரத்தப்பட்டவனுக்கு அன்றைய தீங்கியலில் ஒரு காலணா கணக்கு இல்லை.

மகாடில் அம்பேத்கர் மேல் 1927 இல் போட்டதும் சிவில் வழக்குதான். சவுதார் குளம் தனிச்சொத்து, காலங்காலமான வழக்காறு என்றார்கள், தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். பத்து வருஷம் இழுத்து 1937 இல் பம்பாய் உயர் நீதிமன்றம், நினைவுக்கெட்டாத வழக்காறு என்று நிரூபிக்கவில்லை என்று தள்ளியது. தீண்டாமை அநியாயம் என்று தள்ளவில்லை, பழமைக்குச் சாட்சி போதவில்லை என்று தள்ளியது. பாபாசாகேப் அந்த வாதத்துக்குள் புகுந்து ஜெயித்தார் என்பதைக் கவனியுங்கள்.

நட்டமே இல்லாவிட்டாலும் உரிமை மீறப்பட்டால் அதுவே தீங்கு என்பதற்கு எல்லாச் சட்ட மாணவரும் படிக்கிற வழக்கு 1703 இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆஷ்பி என்கிற ஒரு செருப்புத் தைக்கிறவரை ஓட்டுப் போடவிடாமல் தடுத்தார்கள். அவர் போட நினைத்த ஆள் ஜெயித்தேவிட்டார், ஆனாலும் நட்டஈடு உண்டு என்று முடிந்தது. சரி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் வரவிடாமல் தடுத்தார்களே, நின்றவர்களை ராஜினாமா செய்யவைத்தார்களே, அந்தப் பத்து வருஷத்துக்கு யார் யாருக்கு நட்டஈடு கொடுத்தார்கள்?

மலக்குழியில் செத்தவர்களுக்கு மட்டும் இன்று ஒரு தொகை இருக்கிறது. 2014 இல் பத்து இலட்சம் என்று உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது, 2023 இல் முப்பது இலட்சமாக உயர்த்தியது. அதற்கு முன்னால் "அவனாத்தான் எறங்குனான், குடிச்சிருந்தான்" என்பதே பதில். தெரிந்தே ஆபத்தை ஏற்றுக்கொண்டவனுக்குத் தீங்கு இல்லை என்று லத்தீனில் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், அதன் சேரித் தமிழாக்கம் இது. மறுபடியும் சம்மதம்! உள்ளே இறங்கியதும் சம்மதம், கைநாட்டு வைத்ததும் சம்மதம்.

கடைசியாக ஒரு காகிதம். அடிபட்டாலோ, குடிசை எரிந்தாலோ, குழிக்குள் ஆள் செத்தாலோ ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேஷனிலோ பெரிய மனுஷர் வீட்டுத் திண்ணையிலோ எழுதி வாங்குவார்கள். "இவ்வளவு தொகை பெற்றுக்கொண்டேன், இனி எந்த வழக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை." கட்டினவனைப் பறிகொடுத்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டே ரேகை வைப்பாள். குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் போட்ட ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு விரோதம், ஒப்பந்தச் சட்டத்தின் 23 ஆம் பிரிவுப்படி அது செல்லாது. 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றமானால் ஸ்டேஷனிலோ திண்ணையிலோ ராஜி பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வாங்கின பணத்தை அந்தம்மா வைத்துக்கொள்ளட்டும், அரசு தர வேண்டிய நிவாரணத்தையும் கேட்கட்டும், வழக்கும் நடக்கட்டும். "கையெழுத்துப் போட்டியேம்மா" என்று யாராவது கேட்டால், அந்தக் காகிதத்தையே எங்கள் சாட்சியாகக் கோர்ட்டில் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். யார் எழுதினது, யார் திண்ணை, எத்தனை மணிக்கு, வெளியே யார் காவல் நின்றது, எல்லாம் குறித்து வையுங்கள்.